கோலப்பொடியும் கம்ப்யூட்டரும்

நம் கல்லூரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, கோயிலுக்குப் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தது பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "இதெல்லாம் பசங்க படிப்பும்மா" என்று அன்று ஒருவர் சொன்னதை, கணிதம் படித்த நாங்களும் நம்பிவிட்டோம்.

அதற்குப் பல வருஷம் முன்பே, இதே தமிழ்நாட்டில் ஒரு கணிதப் பேராசிரியை கம்ப்யூட்டர் அறிவியலில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் ராணி சிரோமணி. 1929-ல் பிறந்தவர், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர். எனக்கு இது தெரிய வந்தது படிப்பை முடித்து வெகுகாலம் கழித்துத்தான்.

எழுத்துகளை எந்த விதிப்படி வரிசையாக அடுக்கலாம் என்பதை நோம் சாம்ஸ்கி 1950-களில் கணிதமாக்கினார். புரோகிராம் மொழிகளுக்கு அதுதான் அஸ்திவாரம். ஆனால் அந்த இலக்கணம் ஒரே வரியில் போகிறது. நீளமும் அகலமும் உள்ள படத்துக்கு இலக்கணம் எழுத முடியாதா? இந்தக் கேள்வியைத்தான் ராணி அம்மையார் எடுத்துக்கொண்டார். கணவர் கிஃப்ட் சிரோமணி, மாணவி கமலா கிருத்திவாசன் இருவரோடும் சேர்ந்து 1972 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். 1974-ல் வந்த கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? நம் வாசல் கோலம்!

வழி எளிமையானது. கட்டம் கட்டமாக எழுத்துகள்; ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை மாற்றி எழுத விதி; கடைசியில் எழுத்துக்குப் பதில் கோலத்துண்டு. விதி கொஞ்சம்தான், கோலமோ வளர்ந்துகொண்டே போகும்.

சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் வீடு. மார்கழியில் அம்மா தெருவை அடைத்துப் புள்ளி வைப்பார். எப்படி இவ்வளவு பெரிசா போடறீங்க என்றால், "சின்னதைப் போட்டுப் பழகு கண்ணு, பெருசு தானா வரும்" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார்: "கோலத்தைப் பத்தி எழுதறதுக்கா அந்தம்மாவுக்குச் சம்பளம் குடுத்தாங்க?"

கொடுத்தார்கள். அவர் பெயரிலேயே 'சிரோமணி மேட்ரிக்ஸ் இலக்கணம்' என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்திலும் பணியாற்றினார். கமலா கிருத்திவாசன் சென்னை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் பேராசிரியை ஆனார். ஆட்டோமேட்டா தியரிக்கு ஆர். ராமாவோடு சேர்ந்து அவர் எழுதிய பாடப்புத்தகம் 2009-ல் வந்தது. அந்தப் பாடம் படிக்கும் தங்கைகள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.