குடவோலை முதல் இடைத்தேர்தல் வரை

தம் சார்பில் ஊர்க் காரியம் பார்ப்போரைத் தெரிந்தெடுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் இதற்குச் சான்றாம். ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பதவிக் காலம் 360 நாட்கள். குற்றம் புரிந்த வாரியத்தார் உடனே நீக்கப்பெற்றனர். ஆயினும், நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதை மறத்தலாகாது.

ஏழை செல்வர், ஆண் பெண் என்ற பேதமின்றி வாக்குரிமை வழங்கியது குடியரசு பாரதமே. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத்தேர்தலைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்தினார். வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டோர். எழுத்தறியாதோர் பொருட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. எனினும், வடநாட்டில் பெரும்பாலும், தம் பெயரைச் சொல்லாது 'இன்னார் மனைவி' என்றே கூறிய ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடமிழந்தனர்.

நிற்க. உறுப்பினர் மறைந்தாலோ, விலகினாலோ, தகுதி இழந்தாலோ அவ்விடம் என்னாவது? நம் ரெயில்வே அலுவலகத்தில் ஓரிடம் காலியானால் மேலதிகாரி ஆளை நியமிப்பார். சட்டமன்றத் தொகுதிக்கோ மக்களே மீண்டும் வாக்களித்தல் வேண்டும். 1954 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரான காமராசர் அப்போது சட்டசபை உறுப்பினர் அல்லர். ஆறு மாதத்திற்குள் உறுப்பினராக வேண்டுமென்பது அரசியலமைப்பின் விதி. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். 1967இல் விருதுநகரில் தோற்ற அவரையே, நேசமணி மறைவால் காலியான நாகர்கோவில் தொகுதி 1969இல் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிற்று.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடைத்தேர்தலுக்குத் தவணை குறிக்கவில்லை. 1996இல் செய்த திருத்தமே ஆறு மாத வரம்பை விதித்தது. எஞ்சிய காலம் ஓராண்டிற்குக் குறைவாயினும், அத்தவணைக்குள் நடத்துதல் கடினமென மத்திய அரசைக் கலந்து ஆணையம் சான்றளிப்பினும் விலக்குண்டு. வென்றவர் எஞ்சிய காலத்திற்கே உறுப்பினர். மாநிலங்களவையில் ஒரு மாநிலத்துக்குரிய இடம் காலியானால், அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினரே வாக்களித்து நிரப்புவர்.

காலனி அன்பர்களே! ஒருவர் பெயர், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதி ஒன்றில் மட்டுமே பதிவாதல் வேண்டும் என்பது சட்டம். மாற்றலாகி வந்த நம்மில் பலரின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே உள்ளது. வாக்குப்பதிவு நாளில் இரண்டு இரவுப் பயணம் செய்து அங்குச் செல்வார் யார்? ஆதலின் அங்கும் நம் குரல் இல்லை, இங்கும் இல்லை. இந்நகரின் குடிநீருக்கும் நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கும் பொறுப்பானவர், இங்குள்ள வாக்காளரையே நாடுவார். உறுப்பினரின் காலியிடத்தை ஆணையம் கவனித்துக்கொள்ளும். பட்டியலில் நம் காலியிடத்தை நாமே விண்ணப்பித்து நிரப்புதல் வேண்டும். இல்லத்தரசியர் பெயரும், பதினெட்டு நிரம்பிய மக்கள் பெயரும் விடுபடாதிருக்கட்டும்.