தார்ப்பாயில் தார் எங்கே?

ஐப்பசி மாதத்தில் தஞ்சையிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? கொள்முதல் நிலையங்களின் வாயிலில் குறுவை நெல் அம்பாரமாகக் குவிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையினின்று அதைக் காப்பது ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய். ஆனால் அதில் தார் இல்லையே! பெயர் மட்டும் எப்படி வந்தது?

முன்னாளில் தார் பூசிய கித்தான் துணியே தார்ப்பாய் எனப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த பாலிதீன், 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பாசெட், கிப்சன் என்ற இருவர் எதிர்பாராமல் கண்ட பொருள். இரண்டாம் உலகப் போரில் அது ராடார் கம்பிகளுக்கு உறையாயிற்று. பின்னர் தொலைபேசிக் கம்பிகளுக்கும் அதைப் போர்த்தினர். ஆனால் வெயில் பட்ட பாலிதீன் நாளடைவில் வெடித்தது.

காரணம் என்ன? தூய பாலிதீன் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களை அநேகமாக உட்கொள்வதில்லை. குற்றவாளிகள் அதனுள் ஒளிந்திருக்கும் அசுத்தங்களே. உருக்கும் சூட்டில் ஆக்சிஜன் சேர்ந்து உண்டாகும் கார்பனைல் தொகுதிகள் கதிரை விழுங்கி, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அறுந்த இடத்தில் மீண்டும் ஆக்சிஜன் சேர, புதிய கார்பனைல்கள் பிறக்கின்றன. வட்டிக்கு வட்டிபோல் சேதம் வளர்கிறது.

மாற்று என்ன? நுண்ணிய புகைக்கரியைச் சுமார் 2 சதவீதம் சீராகக் கலந்தால், அது கதிரைத் தானே வாங்கிக்கொண்டு பாலிதீனைக் காக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் இதுபற்றிய தம் ஆய்வை 1950-இல் வெளியிட்டனர். தார் போய்விட்டாலும் அதன் கருமை திரும்பிவந்தது! பின்னாளில் அமைன் வகை நிலைநிறுத்திகள் வந்ததால் நீலத் தார்ப்பாயும் வெயிலைத் தாங்கலாயிற்று.

எனில், எதைக் கலந்தாலும் நன்மைதானா? இல்லை. விலையைக் குறைக்கப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்தால், வெயில் முன்பே உண்டாக்கிய கார்பனைல்களும் உடன்வரும். திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைத் தாழிடுவது போன்றது இது. சாக்குகளில் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் கலந்தால் மேலும் தொல்லை. காப்புப்பொருள் சேர்க்காவிட்டால், அது பாலிதீனைவிட விரைவில் வெயிலுக்கு இரையாகும். மேலும், இரண்டும் எண்ணெயும் நீரும்போல ஒட்டாமலே நிற்பதால், அவை சந்திக்கும் எல்லைகளில் விரிசல் எளிதில் தோன்றும்.

அவ்விரிசல் வழியே ஒரு மழை இறங்கினால் போதும். காயவைத்த நெல் முளைத்துவிடும், ஒரு போகத்து உழைப்பு வீணாகும்.

மாணவர்களே, ஒரு புதிய தார்ப்பாயிலிருந்து இரு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை மொட்டைமாடியிலும் மற்றொன்றை இருட்டு அலமாரியிலும் கோடை முழுவதும் வைத்திருந்து, பிறகு இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லாததை அத்துண்டுகள் சொல்லும்!