தைத்த கலங்களும் கண்ணாடியிழையும்

பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. அதனை அமைத்தவர் மதுரை ஆட்சியர் பொறுப்பு வகித்த வேர் ஹென்றி லெவிஞ்ச். ஏரியில் மிதந்த முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவரே வரவழைத்தார் என்பது அவ்வூர் வரலாறு. மலை ஏரிக்கும் கடற்கரைத் தச்சரின் கைத்திறனே வேண்டியிருந்தது. அத்திறன் பின்னர் என்னவாயிற்று என்பதே இங்கு நமது வினா.

திருக்குர்ஆன் (54:13), நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பலகைகளும் ஆணிகளும் கொண்டதாகக் குறிக்கிறது. இந்தியப் பெருங்கடலின் கலங்களோ பெரிதும் கயிற்றால் தைக்கப்பட்டவை. பதினான்காம் நூற்றாண்டில் மஃபர் நாட்டிற்கும் வந்து சென்ற இப்னு பதூதா இதன் காரணத்தை விளக்கியுள்ளார்: பாறையில் மோதினால் இரும்பாணி அடித்த கலம் உடையும், தென்னைநார்க் கயிற்றால் தைத்தது நெகிழ்ந்துகொடுக்கும்.

இத்தையல், நம் காலத்தில் வேறு வடிவில் தோன்றிற்று. 1962-63இல் பிரிட்டனில் உருவான 'மிர்ரர்' எனும் சிறு பாய்மரப் படகில், பிளைவுட் பலகைகளின் விளிம்புகளைச் செப்புக்கம்பியால் தைத்து, இணைப்பின்மீது கண்ணாடியிழைப் பட்டையை ரெசினால் ஒட்டினர். 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில், பொறியாளர் பியேர் ஜிலேயின் முயற்சியால் இம்முறையில் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. கட்டுமரத்திற்கும் தோண்டுவள்ளத்திற்கும் உரிய பெருமரங்கள் அரிதாகி, விலை உயர்ந்ததே இதன் காரணம். பழைய தையலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டென நாம் கூறவில்லை. அங்கே கயிறு இறுதிவரை கலத்தைத் தாங்கியது. இங்கே கம்பி, ரெசின் இறுகும்வரை பலகையைப் பிடித்திருக்கிறது.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. மரம் மறைந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். அஃது உள்ளே சென்றது என்பதே உண்மை. கண்ணாடியிழை வலிமையுடையதாயினும், மெல்லிய தகடாக இருக்கையில் எளிதில் வளையும். ஆகவே இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையில் பிளைவுட்டை வைத்து, இருபுறமும் இழையால் மூடும் வழக்கம் உள்ளது. உலகின் பாய்மரப் படகுகள் பலவற்றின் தளத்தட்டில் பால்சா எனும் மென்மரம் உள்ளீடாக இருக்கிறது. அடைக்கப்படாத ஒரு திருகாணித் துளை போதும். நீர் இறங்கி, மேற்பரப்பு பளபளக்க, உள்மரம் உளுத்துப்போகும்.

வெளியே தெரிந்த மரத்தின் நோயைத் தச்சர் தட்டிப்பார்த்து அறிந்தார். மறைந்த மரத்திற்கு அவ்வறிவு இன்னும் அதிகமாகத் தேவை. மரக்கலத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'மரக்காயர்' எனும் பெயரைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் போற்றும் நாம், அக்கலங்களைக் கட்டிய கைகளின் அறிவையும் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.