பெறுபேறுகளைப் பேணலும் மீளநோக்கலும்

பரிசோதனை செய்தல் ஒன்று. அதன் பெறுபேற்றைப் பேணிவைத்துப் பின்னொருகால் மீளநோக்குதல் பிறிதொன்று. முன்னையதன் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். பின்னையதன் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. கணினிக்கு மொழியையும் உருவத்தையும் பயிற்றும் இயந்திரக் கற்றற் பரிசோதனைகள் பெருகிவரும் இந்நாளில் அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவாம்.

இங்கிலாந்து தேசத்து றொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843 இல் லோவ்ஸ் என்பார், இரசாயன அறிஞராகிய கில்பேட்டின் துணைகொண்டு, கோதுமை வயலொன்றைப் பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு பசளை இட்டு, ஆண்டுதோறும் விளைவைப் பதிவுசெய்து வந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் குவிந்த அவ்வேடுகளை ஆராய்தற்கு 1919 இல் பிசர் என்னும் இளங்கணித அறிஞர் அமர்த்தப்பட்டார். 1921 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆண்டுக்காண்டு நேரும் ஏற்றத்தாழ்வையும், மண்வளம் படிப்படியாகக் குன்றுதலையும், இவ்விரண்டினுள் அடங்காத நெடுங்கால மாற்றத்தையும் வெவ்வேறாகப் பகுத்துக் காட்டிற்று. மூன்றாவதற்குக் களையின் பெருக்கமே காரணமென அவர் கருதினார். விளைவின் நிறையை மாத்திரம் எழுதி, வயலின் நிலையை எழுதாது விட்டிருப்பின் இம்முடிபு பிறந்திராது. கோயம்புத்தூரிலும் 1909 இல் இத்தகைய நிரந்தரப் பசளைப் பரிசோதனையொன்று தொடங்கப்பட்டு நீண்டகாலம் பேணப்பட்டுள்ளது.

ஆசிரியராகிய நாமும் புள்ளிப் பதிவேடு வைத்திருக்கின்றோம். ஆயின் வினாத்தாளை அதனுடன் சேர்த்து வைப்பவர் எத்துணையர்? பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், 62 என்னும் எண் கடினமான தாளுக்குரியதோ எளிய தாளுக்குரியதோ என்று எழுதியவருக்கே விளங்காது. என் பதிவேடுகளும் அத்தகையனவே.

கணினிப் பரிசோதனையில் வயலின் இடத்தை நிரப்புவன பயிற்சித் தரவு, கற்றல் வேகம், தற்செயற் தெரிவைத் தொடக்கிவைக்கும் எண் ஆகியன. இவற்றுள் ஒன்று மாறினும் பெறுபேறு மாறும். நிரல்களின் ஒவ்வொரு நிலையையும் பேணுதற்கு 2005 இல் 'கிற்' என்னுங் கருவி தோன்றியது. அதன்மேல் அமைந்து, தரவையும் பெறுபேற்றையும் உடன்பேணும் 'டிவிசி' 2017 இல் வெளிவந்தது. திரையில் ஒற்றைக் கட்டளை வரியைத் தட்டச்சிட்டால், செய்த பரிசோதனைகளெல்லாம் ஓர் அட்டவணையாகத் தோன்றும். கிடையில் ஒவ்வொரு பரிசோதனை. நிரையில் அதன் நிபந்தனைகளும் புள்ளிகளும். வேண்டியவாறு வரிசைப்படுத்தலாம், இரண்டை எடுத்து ஒப்பிடலாம். பிசர் கணித்துப் பெற்ற காட்சியை இது கணப்பொழுதில் முன்வைக்கின்றது, காரணத்தைக் கூறுவதில்லை.

தமிழுக்கு இது பெரிதும் வேண்டற்பாலது. வாக்கிய அமைப்பைக் கணினிக்குப் பயிற்றும் தமிழ் மரவங்கிகளுள் ஒன்று, தினமணிச் செய்திகளிலிருந்து தொகுக்கப்பட்டது. 600 வாக்கியங்களை உடையது. பயிற்சிக்கு 400, சரிபார்ப்புக்கு 80, தேர்வுக்கு 120 என அது வகுக்கப்பட்டுள்ளது. நூற்றிருபது வாக்கியங்களில் ஒரு வாக்கியமே ஏறக்குறைய 0.83 வீதமாகும். இருபது முறை பயிற்றி, மிக நல்ல பெறுபேற்றை மாத்திரம் வெளியிடுவோமாயின், வெளியிட்டது ஆற்றலோ அதிர்ட்டமோ என்பது எவர்க்கும் புலப்படாது. இருபதும் பேணப்பட்டிருப்பின் சராசரியும் வீச்சும் உடனே தெரியும். தோற்ற பரிசோதனைகளை அழிப்பது களைக்குறிப்பைக் கிழித்தெறிவது போன்றதே என்பது என் கருத்து.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சர்வேஸ்வரன் முதலியோர் அமைத்த பிறிதொரு மரவங்கி 534 வாக்கியங்களை உடையது. அவை 1989 இல் வெளிவந்த லேமனின் தற்காலத் தமிழிலக்கண நூலிலுள்ள எடுத்துக்காட்டுகள். இலக்கண விதியை விளக்க எழுந்த குறுவாக்கியமும் பத்திரிகையின் நெடுவாக்கியமும் ஒருதன்மையன அல்ல. ஆதலால், பதிவில் 'தமிழ்' என்று மாத்திரம் எழுதி, எம்மரவங்கி என்பதை எழுதாதுவிட்ட இரு பெறுபேறுகளை அக்கட்டளை அருகருகே காட்டினும், அவற்றுள் எது சிறந்ததென்று எவராலுஞ் சொல்லவியலாது.