வடிகட்டி உண்ணும் நன்னீர் இறால்கள்: ஆற்றிலிருந்து மீன்தொட்டிக்கு

ஓடும் நீரில் மிதந்து வரும் நுண்துகள்களைத் தம் முன்கைகளில் உள்ள மயிர்க்கற்றைகளால் சலித்தெடுத்து உண்ணும் இறால்கள் வடிகட்டி உண்ணும் நன்னீர் இறால்கள் எனப்படுகின்றன. இவை அட்டியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டு மீன்தொட்டிகளில் இன்று வளர்க்கப்படுபவற்றுள் இரண்டு இனங்கள் பரவலாக அறியப்பட்டவை. ஒன்று தென்கிழக்காசிய ஆறுகளில் வாழும் அட்யோப்சிஸ் மொலுக்கென்சிஸ். மூங்கில் இறால், மர இறால், சிங்கப்பூர்ப் பூ இறால் என்று வணிகத்தில் பல பெயர்களால் இது விற்கப்படுகிறது. மற்றொன்று மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அட்யா கேபோனென்சிஸ். இதற்கு வணிகர்கள் இட்ட பெயர் 'வேம்பயர் இறால்'. இரத்தக் காட்டேரியின் பெயரைச் சுமக்கும் இவ்விறால் துகள்களையும் பாசித் துணுக்குகளையும் தவிர வேறொன்றையும் வேட்டையாடுவதில்லை.

விசிறிக் கைகள்

பெரும்பாலான இறால்களுக்கு முதல் இரண்டு இணைக் கால்களின் நுனியில் இடுக்கி இருக்கும். அட்யா, அட்யோப்சிஸ் ஆகிய பேரினங்களில் அந்த இடுக்கியின் உள்ளங்கைப் பகுதி ஏறத்தாழ மறைந்துவிட்டது. இரு விரல்களும் அடிவரை பிளந்து, அவற்றின் நுனியில் நீண்ட மயிர்கள் அடர்ந்து வளர்ந்துள்ளன. விரல்களை விரிக்கும்போது மயிர்கள் விசிறியாக மலர்கின்றன. இறால் நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கல்லிலோ மரக்கட்டையிலோ கால்களை ஊன்றி நின்று, நான்கு விசிறிகளையும் விரித்துப் பிடிக்கும். துகள் படிந்ததும் விசிறி மடங்கி வாய்க்குச் செல்லும். வாயுறுப்புகள் அதைத் துடைத்தெடுக்கும். விசிறி மீண்டும் விரியும். நான்கும் மாறி மாறி இயங்குவதால் உணவு வருவது நிற்பதில்லை.

நீரோட்டம் இல்லாத இடத்தில் இதே மயிர்கள் துடைப்பமாகின்றன. அப்போது இறால் தரையையும் கற்களையும் பெருக்கி, அங்கே படிந்துள்ள வண்டலை உண்கிறது. ஒரே உறுப்பு வலையாகவும் துடைப்பமாகவும் பயன்படுவது இக்குடும்பத்தின் சிறப்பு. மீன்தொட்டி வளர்ப்பில் மிகப் பெரிய குழப்பத்தை ஏற்படுத்தியதும் இதுவே.

பெயரிட்டவர்கள்

இவ்விறால்கள் அறிவியல் நூல்களில் நுழைந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹெர்ப்ஸ்ட் 1792இல் கரீபியப் பகுதி இனம் ஒன்றுக்கு 'தீங்கற்றது' என்னும் பொருள் தரும் 'இன்னோக்கோஸ்' என்ற சிறப்புப் பெயரை இட்டார். அட்யா என்னும் பேரினத்தை 1816இல் நிறுவியவர் ஆங்கிலேய விலங்கியலாளர் வில்லியம் எல்ஃபர்ட் லீச். இன்று கடைகளில் காணப்படும் மூங்கில் இறாலை 1849இல் விவரித்தவர் லெய்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டி ஹான். சீபோல்டு ஜப்பானில் திரட்டியவற்றை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்த 'ஃபவுனா ஜப்போனிக்கா' என்னும் பெருநூலில் அந்த விவரிப்பு இடம்பெற்றது. ஜப்பானைப் பற்றிய நூலில், மொலுக்கஸ் தீவுகளின் பெயரோடு, டச்சு அறிஞர் ஒருவரால் இது பதிவானது. அக்காலக் குடியேற்ற வணிகப் பாதைகளின் சுவடு இப்பெயரில் படிந்திருக்கிறது.

இவர்கள் எல்லோரும் பதப்படுத்தப்பட்ட உடல்களை வைத்தே எழுதினர். அந்தக் கைகள் எதற்காக என்னும் கேள்விக்கு உயிருள்ள விலங்கைப் பார்த்தவரே விடை கூற முடியும். அவ்வாறு பார்த்தவர்களுள் முதன்மையானவர் ஃபிரிட்ஸ் முல்லர். ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, இட்டஜாய் ஆற்றங்கரையில் உள்ள புளூமெனாவில் வாழ்ந்தவர். டார்வினின் கொள்கையை ஓட்டுடலிகளைக் கொண்டு ஆதரித்து 1864இல் நூல் எழுதியவர். 1881இல் 'கோஸ்மோஸ்' இதழில் சேற்றை உண்ணும் ஒரு நன்னீர் இறாலைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். அந்த இனத்துக்கு அவர் இட்ட பெயர் 'பொட்டிமிரிம்'. துப்பி மொழியில் இதற்குச் சிறிய இறால் என்று பொருள். உள்ளூர் மக்களின் சொல்லையே அறிவியல் பெயராக்கிய இச்செயலுக்குப் பின்னாளில் கூடுதல் மதிப்புக் கிடைத்தது. 1954இல் டச்சு அறிஞர் ஹோல்த்யுயிஸ் அதையே ஒரு பேரினத்தின் பெயராக உயர்த்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விறால்களின் கைகள் பரிணாமக் கொள்கை விவாதத்திலும் இழுக்கப்பட்டன. பாரிஸ் அருங்காட்சியகத்தின் பூவியே, உள்ளங்கை உள்ள வடிவமும் அடிவரை பிளந்த வடிவமும் ஒரே இனத்தில் காணப்படுவதைக் கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று ஒரே பாய்ச்சலில் தோன்றுகிறது என்று வாதிட்டார். திடீர் மாற்றக் கொள்கை புகழ்பெற்றிருந்த காலம் அது. 1925இல் அவர் வெளியிட்ட அட்டியிடே பற்றிய பெருநூல் நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது; பாய்ச்சல் கருத்து மட்டும் நிலைக்கவில்லை. பிறகு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன வெளியீடுகள் வகைப்பாட்டை ஒழுங்குபடுத்தின. ஹாப்ஸ், ஹார்ட் ஆகியோர் 1982இல் அட்யா பேரினத்தை ஆராய்ந்தனர். ஃபென்னர் சேஸ் 1983இல் இந்தோ-பசிபிக் இனங்களை ஆராய்ந்து அட்யோப்சிஸ் என்னும் புதிய பேரினத்தை உருவாக்கினார். பழைய வளர்ப்பு நூல்களில் மூங்கில் இறால் 'அட்யா' என்றே குறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

உணவு உண்ணும் முறையை நுணுக்கமாக விளக்கிய பெருமை ஜெஃப்ரி ஃபிரையருக்கு உரியது. கரீபியத் தீவான டொமினிக்காவின் இறால்களைப் பற்றி அவர் 1977இல் அரச கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு, மயிர்களின் அமைப்பு முதல் ஆற்றில் ஒவ்வோர் இனமும் தேர்ந்தெடுக்கும் இடம் வரை விவரித்தது. வேகமான நீரில் நிற்கும் இனத்துக்கும் தேங்கிய மடுக்களில் மேயும் இனத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வாய்வில் தெளிவாகிறது. இறால் வளர்ப்போருக்காக அது எழுதப்படவில்லை. ஆயினும் தொட்டியில் இவற்றுக்கு என்ன தேவை என்பதற்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருந்தது.

தெளிந்த நீர் என்னும் இலட்சியம்

மீன்தொட்டியின் வரலாறு இதற்கு நேர் எதிரான திசையில் வளர்ந்தது. பிரித்தானியாவில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டபின் கண்ணாடி மலிவானது. 1850இல் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நீரைக் கெடாமல் காக்கும் என்பதைத் தம் சோதனையைக் கொண்டு விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையும் பொழுதுபோக்கையும் பரப்பியது. தெளிந்த நீரே நல்ல தொட்டியின் அடையாளம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியது. மின்காற்று இயந்திரமும் வடிகட்டியும் பின்னர் வந்து அதை எளிதாக்கின.

நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளையும் அகற்றுவதே வடிகட்டியின் வேலை. விசிறி இறாலின் உணவும் அத்துகளேதான். நன்கு பராமரிக்கப்பட்ட, பளிங்கு போன்ற தொட்டியில் இந்த இறால் பட்டினியால் சாகிறது என்பது இப்பொழுதுபோக்கின் கசப்பான முரண். அதுவும் உடனே சாவதில்லை. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் மெலிந்து, ஓடு கழற்றும்போது ஆற்றல் போதாமல் இறக்கிறது. உரிமையாளர் ஓடு கழற்றியதால் இறந்தது என்றே எண்ணிக்கொள்வார்.

ஃபிரையர் விவரித்த துடைப்பச் செயலுக்கு இங்கே வேறு பொருள் கிடைக்கிறது. ஆற்றில் தரையைப் பெருக்குவது இயல்பான நடத்தைகளுள் ஒன்று. தொட்டியில், நீரோட்டம் இருந்தும் இறால் நாள் முழுதும் மணலைத் துழாவினால் மிதக்கும் உணவு போதவில்லை என்று பொருள். புதிதாக வாங்கியவர்கள் இதைச் சுறுசுறுப்பு என்றும், தொட்டியைத் துப்புரவு செய்கிறது என்றும் மகிழ்வதுண்டு. துப்புரவு செய்யும் விலங்கு என்று கூறி விற்கும் வழக்கமும் இத்தவறை வளர்த்தது.

கடைக்கு வந்த கதை

இறால் தனக்காகவே வளர்க்கப்படும் விலங்காக மாறியதில் ஜப்பானின் பங்கு பெரிது. ஒளிப்படக் கலைஞரும் நீர்த்தோட்டக் கலைஞருமான தகாஷி அமானோ (1954–2015) 1980களில் பாசியை அகற்றுவதற்காகத் தம் தாவரத் தொட்டிகளில் ஒரு சிறிய இறாலைப் பயன்படுத்தினார். கேரிடினா ஜப்போனிக்கா என்று அன்று அழைக்கப்பட்ட அது 2006இல் நிகழ்ந்த மறுஆய்வுக்குப்பின் கேரிடினா மல்டிடென்டாட்டா ஆனது. வளர்ப்போரிடையே அது இன்றும் அமானோ இறால்தான். 1990களில் சிவப்பு-வெள்ளை நிறத் தேனீ இறால் வகைகள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்டபின், இறால் தொட்டி தனித்துறையாக வளர்ந்தது.

இந்த ஆர்வம் உருவாக்கிய சந்தையில் விசிறி இறால்களும் இடம்பிடித்தன. ஏழு முதல் பத்து செ.மீ. வரை வளரும் உடல், முதுகில் ஓடும் வெளிர் கோடு, மலர்ந்து மூடும் கைகள், சிறு மீன்களையும் துன்புறுத்தாத சாந்தம் ஆகியவை வாங்குவோரை ஈர்த்தன. 'சிங்கப்பூர்ப் பூ இறால்' என்னும் பெயர் சிங்கப்பூர் அலங்கார மீன் வணிகத்தின் பெருஞ்சந்தையாக இருப்பதை நினைவூட்டுகிறது. ஜெர்மானியர்கள் இதன் சுழலும் கைகளைக் கண்டு 'ராடார் இறால்' என்றனர்.

அனுபவத்தின் வழியே வளர்ப்பு முறையும் படிப்படியாக மாறியது. வடிகட்டியின் நீர் வெளியேறும் இடத்துக்கு எதிரே மரக்கட்டை வைப்பது, ஸ்பைருலினா, குளோரெல்லா போன்ற பாசிகளின் தூளையோ நன்கு அரைத்த மீனுணவையோ நீரோட்டத்தில் கரைத்து விடுவது, உணவிடும் நேரத்தில் நுண் வடிகட்டலைக் குறைப்பது, புதிய தொட்டியில் விடாமல் பல மாதங்கள் பழகிய தொட்டியிலேயே விடுவது ஆகியவை பொதுவான நடைமுறைகளாயின. மீன் நோய்களுக்கான செம்பு கலந்த மருந்துகள் இறால்களைக் கொல்லும் என்பதும் பலர் இழப்பின் வழியே கற்ற பாடம். உணவைக் கூட்டினால் நீர் கெடும், குறைத்தால் இறால் மெலியும் என்பதால் சிறு தொட்டிகள் இவற்றுக்கு ஏற்றவையல்ல.

கடலுக்குப் போகும் குஞ்சுகள்

தேனீ இறால் தொட்டியிலேயே பெருகுகிறது. விசிறி இறால் அவ்வாறு பெருகுவதில்லை. பெண் இறால் தொட்டியிலும் முட்டைகளைச் சுமக்கும், குஞ்சுகளும் பொரிக்கும். ஆனால் நன்னீரிலேயே இருந்தால் அவை சில நாட்களில் மடிந்துவிடும். இயற்கையில் நுண்ணிய இளவுயிரிகள் ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டு உவர்நீரை அடைந்து, அங்கே பல நிலைகளைக் கடந்து உருமாறி, சிறு இறால்களாக ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறி வருகின்றன. ஜமைக்காவில் ஆய்வு செய்த வெய்ன் ஹன்ட் 1970களின் பிற்பகுதியில் கரீபிய இனங்கள் இரண்டை ஆய்வகத்தில் குஞ்சு நிலையிலிருந்து வளர்த்துக் காட்டினார். முடியாத செயல் அன்று. ஆனால் உப்பளவு, நுண்பாசி உணவு, நீண்ட காத்திருப்பு ஆகியவை தேவைப்படுவதால் வணிக அளவில் அது பரவவில்லை. கடைத்தொட்டியில் விசிறி விரித்து நிற்கும் மூங்கில் இறால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆற்றில் பிடிக்கப்பட்டதுதான்.

எனவே இவற்றின் எதிர்காலம் தொட்டியில் இல்லை. ஆற்றில், அதுவும் மலை முதல் முகத்துவாரம் வரை அறுபடாத ஆற்றில் இருக்கிறது. இதற்கான தெளிவான சான்று போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கிடைத்தது. அங்குள்ள லுக்கில்யோ காட்டின் ஓடைகளில் ஓர் இறாலினம் உதிர்ந்த இலைகளைத் துணுக்காக்க, அத்துணுக்குகளை அட்யா வடிகட்டி உண்கிறது. உபரிநீர் வழிந்தோடாத பெரிய அணைகளுக்கு மேலே இவ்விறால்கள் இல்லாமலே போயின. எஸ்பிரிட்டு சாண்டோ ஆற்றில் ஒரு சிறு தடுப்பணையில் குடிநீருக்காக நீர் எடுக்கும் இடத்தை பென்ஸ்டெட் குழுவினர் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, 69 நாள் பதிவுக் காலத்தில் கீழ்நோக்கிச் சென்ற முதல்நிலைக் குஞ்சுகளுள் சராசரியாக 42 விழுக்காடு குழாய்க்குள் இழுக்கப்பட்டு இறந்தன. குஞ்சுகள் இருட்டிய பிறகே அதிகம் மிதந்து செல்வதால், அந்தச் சில மணி நேரம் மட்டும் நீர் எடுப்பதை நிறுத்தினாலே இழப்பு பெருமளவு குறையும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

உலகின் 763 நன்னீர் இறால் இனங்களையும் மதிப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிவாய்ப்புக்கு உள்ளானவை அல்லது அந்நிலையை நெருங்கியவை என்று கண்டது. பாதிக்கு மேற்பட்ட இனங்கள் இந்தோ-மலாயப் பகுதியைச் சேர்ந்தவை. பரந்த வாழிடம் கொண்ட மூங்கில் இறால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போதைக்குத் தீவாய்ப்பு கவலை குறைந்த இனமாகவே இடம்பெற்றுள்ளது.