140 எழுத்தில் ஒரு வகுப்பறை

தந்தி அடித்து வியாபாரம் செய்த தலைமுறை எங்களுடையது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் வளவளவென்று எழுத மாட்டோம். அந்தத் தந்தி 2013 ஜூலையோடு நம் நாட்டில் நின்றுபோனது. அதற்குள் அதன் பேரப்பிள்ளை போல ஒன்று பிறந்து வளர்ந்துவிட்டது. அதுதான் ட்விட்டர் என்னும் குறும்பதிவு. நம்ம வீட்டுப் பிள்ளைகள் படிப்பையே கெடுப்பதாக நாம் திட்டும் இந்தச் சங்கதி, வகுப்பறைக்குள் புகுந்த வரலாறு ஒன்று உண்டு.

ட்விட்டர் 2006இல் அமெரிக்காவில் தொடங்கியது. கைபேசிக் குறுஞ்செய்தியில் 160 எழுத்துதான் கொள்ளும். அனுப்புபவர் பெயருக்கு 20 போக மீதி 140. ஆக, இந்த அளவைக் கருவிதான் நிர்ணயித்தது. எந்த வாத்தியாரும் யோசித்து வைத்ததல்ல.

டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டேவிட் பாரி என்ற ஆசிரியர், 2008 வாக்கில் இதைத் தம் மாணவரிடையே பயன்படுத்தி, வகுப்பு முடிந்த பிறகும் பேச்சு தொடர்கிறது என்று எழுதினார். 2009இல் அதே வளாகத்தில் மோனிகா ராங்கின் என்ற வரலாற்றுப் பேராசிரியை, சுமார் 90 பேர் கொண்ட வகுப்பில் இதைச் சோதித்தார். அவ்வளவு பெரிய வகுப்பில் வாய் திறப்பவர் நாலைந்து பேர்தான். மாணவர்கள் அனுப்பிய குறும்பதிவுகள் திரையில் ஓடின. எழுந்து நின்று பேசக் கூசியவர்களும் கருத்துச் சொன்னார்கள்.

இது வெறும் புதுமை மோகமா என்று கேட்கலாம். ரே ஜங்கோ முதலியோர் 125 மாணவரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். ட்விட்டர் பிரிவினர் அதிக ஈடுபாடும் கூடுதல் மதிப்பெண்ணும் பெற்றனர். ஆனால் ஆசிரியர்களும் அதில் கூடவே இருந்து பதில் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் கலந்துகொள்ளாமல், இஷ்டப்பட்டவர் எழுதலாம் என்று விட்ட இடத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பது 2013இல் வந்த அவர்களது அடுத்த ஆய்வு.

நமக்கு இது புதிதல்ல. குறள் இரண்டே அடி. எங்கள் சமண முனிவர்கள் பாடியதாக வழங்கும் நாலடியார் நான்கே அடி. இரண்டும் நிலைத்தது சுருக்கத்தால் மட்டுமா? உரை சொல்ல ஆசான் இருந்தார். கேள்வி கேட்கப் பிள்ளை இருந்தது.

கருவியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக் கணக்கில் மேல்விலங்கும் புள்ளியும் தனியாகச் சேர்ந்து ஐந்து. எனவே 140 என்பது தமிழுக்கு இன்னும் குறைவு. 2017இல் அளவு 280 ஆனது. 2023இல் பெயரே எக்ஸ் என்று மாறியது. கடை கைமாறினால் பலகை மாறும், விதியும் மாறும். பிள்ளைகளின் எழுத்தை அங்கே மட்டும் வைத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் பேசச் சற்றுக் கூசுகிறார்கள். 'தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்க' என்ற பயம். சங்கத்துத் தமிழ் வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, படித்த பாடத்தைப் பற்றி இரண்டே வரி எழுதச் சொல்லலாம். இதற்கு ட்விட்டர் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஆசிரியர் பதில் எழுதவேண்டும், ஒன்றுகூட விடக்கூடாது. பிறகு அவற்றை ஒரு நோட்டில் ஒட்டி வைத்தால் வருஷக் கடைசியில் அதுவே வகுப்பின் வரலாறாகிவிடும்.