நாட்டுத் துப்பாக்கியும் தஞ்சாவூர் கிட்டியும்

வேட்டைத் துப்பாக்கி என்றதும், செத்த புலிமேல் கால் வைத்து நிற்கும் துரைமார் போட்டோதான் நமக்கு ஞாபகம் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் புலிக்கு எங்கே போவது? வயலும் வாய்க்காலும்தான். ஆனால் இங்கேயும் துப்பாக்கி இருந்தது. தோளில் மாட்டியிருந்தவர்கள் நரிக்குறவர்கள்.

அமெரிக்காவில் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சின்னப் பிராணிகளைச் சுடச் சின்னத் தோட்டா ரைபிள்கள் உண்டு. குறி துல்லியமாக விழவேண்டும் என்று தோட்டாவுக்குத் தாங்களே மருந்து நிரப்புவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே அதுவே பிழைப்பு. நாட்டுத் துப்பாக்கிக்குக் கடைத் தோட்டா கிடையாது. குழல்வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ அடைத்து, கம்பியால் இடித்து, ஈய ரவை போட்டு, மறுபடி அடைக்க வேண்டும். குறி தப்பினால் எல்லாம் முதலிலிருந்து! கொக்கு, மடையான், நரி, காட்டுப்பூனை... இவைதான் வரவு.

சட்டத்துக்கு வருவோம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்ற பிடியை இறுக்கியது 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. பாயிண்ட் 22 ரைபிளோ, அதே பிரிவில் 2019 வரை ரைபிள் கிளப் உறுப்பினர் குறி பார்த்துப் பழகுவதற்கென்று இருந்தது!

அடுத்து 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். எலி, காகம், பழந்தின்னி வௌவால் போன்றவற்றை 5-ஆம் அட்டவணையில் தொல்லைப் பிராணிகளாக வைத்தது. 1991 திருத்தம் மற்ற அட்டவணை விலங்குகளின் வேட்டைக்குக் கதவைச் சாத்தியது. ஆக, லைசென்ஸ் கையில் இருந்தாலும், வயலில் சட்டப்படி சுடுவதற்கு மிஞ்சியது ஏறக்குறைய எலியும் காகமும்தான். (2022 திருத்தத்தில் அந்த 5-ஆம் அட்டவணையும் போய்விட்டது. இப்போது எது தொல்லைப் பிராணி என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.)

சரி, எலியையே சுடலாமே? இங்கேதான் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது :-) வரப்பெலி ராத்திரியில் நடமாடும், கதிரை அறுத்து வளைக்குள் பதுக்கும். ஒரு எலிக்கு ஒரு வெடி மருந்து என்றால் கட்டுப்படியாகாது. டெல்டாவின் பதில் மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி. வில்லாக வளைத்துக் கட்டி, இரை வைத்து, சாயங்காலம் வரப்பில் வைத்தால் காலையில் எலி மாட்டியிருக்கும். கிட்டியை மறுநாளும் வைக்கலாம். கூலி எலிக் கணக்கில். செலவு அநேகமாக ஒரே தடவை, வரவு தினமும்!

ஆகவே நாட்டுத் துப்பாக்கி, வருமானம் நின்றுபோன சொத்தாகிவிட்டது. வேட்டைத் தடை தவறென்று சொல்லமாட்டேன், பறவைகள் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு தொழிலை மூடும்போது மாற்றுத் தொழிலும் கூடவே வந்திருக்க வேண்டாமா? நல வாரியம் வந்தது 2008-ல். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 1991-லிருந்து கணக்குப் போட்டால் 31 வருஷம். அதற்குள் ஒரு தலைமுறை ஊசி, பாசிமணி விற்றே வளர்ந்துவிட்டது.

இனி பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்பவரைப் பார்த்தால், பேரம் பேசுமுன் இந்தக் கணக்கையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.